நிறமற்ற நீர் போனால் நீலம் ஏன் போகிறது?

பள்ளிக்கூட ரசாயனத்தில் மாணவர் மனத்தில் நெடுநாள் தங்கி நிற்கும் காட்சிகள் மிகச் சில. அவற்றுள் முதலிடம் பெறத்தக்கது, நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் என்றும் பாடப்புத்தகத்தில் காப்பர் சல்பேட் என்றும் வழங்கும் அந்த நீலப் படிகத்தைச் சோதனைக்குழாயில் இட்டுச் சூடேற்றும்போது, அது தன் நீலத்தை முற்றிலும் இழந்து வெண்பொடியாகி, பின்னர் ஒரு சொட்டு நீர் பட்ட மாத்திரத்தில் இழந்த நிறத்தைத் திரும்பப் பெறுகின்ற காட்சியாகும். இதைப் பற்றிப் பரீட்சையில் கேள்வி வருவதுண்டு. "படிகநீர் நீங்குவதால் நிறம் வெண்மையாகிறது" என்று எழுதிய மாணவனுக்கு மதிப்பெண்ணும் குறைவின்றிக் கிடைத்துவிடுகிறது. அந்த வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை. ஆயினும், கேட்க வேண்டிய கேள்வி அந்த வாக்கியம் முடிகிற இடத்திலேதான் தொடங்குகிறது என்பதும், அவ்விடத்திலேயே நாம் புத்தகத்தை மூடிவிடுகிறோம் என்பதும் நம் விஞ்ஞானக் கல்வியின் பெருங்குறை என்று கருதுகிறேன்.

சற்றே நிதானித்து யோசித்தால், அந்த விடைக்குள் ஒரு முரண் ஒளிந்திருப்பது புலப்படும். குவளையிலுள்ள நீருக்கு நிறமில்லை. தன்னிடத்தில் நிறமே இல்லாத ஒரு பதார்த்தம் வெளியேறும்போது, பிறிதொன்றின் நிறத்தையும் கூடவே கொண்டுபோவது எவ்வாறு? நீலம் நீரின் உடைமை அன்று எனில், சல்பேட்டின் உடைமையோ என்று பார்த்தால், துத்தநாக சல்பேட்டிலும் அதே சல்பேட் இருக்கிறது, மயில்துத்தத்திலுள்ள ஐந்துக்குப் பதிலாக ஏழு நீர் மூலக்கூறுகளும் இருக்கின்றன. இருந்தும் அது வெள்ளை. பேதியுப்பு எனப்படும் மக்னீசியம் சல்பேட்டும் அவ்வாறே. இனி எஞ்சுவது தாமிரம் ஒன்றே. ஆனால் வெண்பொடியாய்ப் போன பின்பும் அதிலிருந்து தாமிரத்தின் ஓர் அணுகூட நீங்கவில்லையே! ஆகவே, நீர், சல்பேட், தாமிரம் என்ற மூன்றில் எதனையும் தனித்தனியே நிறுத்தி வைத்து நீலத்துக்குப் பொறுப்பாக்க முடியாது என்பது, எந்த உயர்ந்த கருவியும் இன்றி, வெறும் தர்க்கத்தாலேயே நிச்சயமாகிவிடுகிறது. நிறம் அவற்றின் சேர்க்கையில் இருக்கிறது; தாமிரத்துக்கும் அதை நெருங்கிச் சூழ்ந்து நிற்பவற்றுக்கும் இடையேயுள்ள உறவில் இருக்கிறது.

இந்தச் சூழ்நிலை என்ற கருத்தை ரசாயனத்தில் ஸ்திரமாக நிலைநாட்டியவர் ஜூரிக் நகரப் பேராசிரியராய் விளங்கிய ஆல்ஃபிரட் வெர்னர். உலோக அணு ஒன்றை நடுவில் வைத்து, அதைச் சுற்றி நான்கு அல்லது ஆறு அண்டை மூலக்கூறுகள் வரையறுத்த திசைகளில் அமைகின்றன என்று 1893ஆம் ஆண்டு, தம் இருபத்தாறாவது வயதில் அவர் வெளியிட்ட கொள்கை, இன்று அணைவுச் சேர்மங்கள் என்று மேல்நிலை வகுப்பில் நாம் படிக்கும் பாடத்துக்கு அஸ்திவாரம் ஆயிற்று. 1913இல் நோபெல் பரிசும் அதற்காகவே அவருக்கு அளிக்கப்பட்டது. வெர்னர் அறிவினால் ஊகித்ததைக் கண்ணால் காண்பது போல் காட்டியது எக்ஸ் கதிர். படிகங்களின் ஊடே எக்ஸ் கதிரைச் செலுத்தினால் அவை ஒழுங்கான புள்ளிக்கோலமாகச் சிதறும் என்று மாக்ஸ் ஃபான் லாவே கூறிய யோசனையை, 1912இல் ம்யூனிக் நகரில் ஃப்ரீட்ரிக், கினிப்பிங் என்ற இருவர் முதன்முதலாகப் பரீட்சித்துப் பார்த்தபோது, அவர்கள் எடுத்துக்கொண்ட படிகம் வைரமும் அன்று, உப்பும் அன்று, இதே மயில்துத்தமே. பின்னர் 1934இல் பீவர்ஸ், லிப்சன் என்ற இரு ஆங்கில விஞ்ஞானிகள் அதன் உள்ளமைப்பை முழுமையாக வரைந்து காட்டினர். தாமிர அயனி ஒவ்வொன்றையும் நான்கு நீர் மூலக்கூறுகள் ஒரு சதுரமாக நெருங்கிச் சூழ்ந்திருக்கின்றன. அச்சதுரத்துக்கு மேலும் கீழும், சற்றே தள்ளி, சல்பேட்டின் ஆக்சிஜன்கள் இரண்டு நிற்கின்றன. ஐந்தாவது நீர் மூலக்கூறோ தாமிரத்தைத் தொடாமல், மற்ற நீருக்கும் சல்பேட்டுக்கும் நடுவே ஹைட்ரஜன் பிணைப்பினால் கட்டுண்டு கிடக்கிறது. சூடேற்றும்போது முதல் நான்கு மூலக்கூறுகள் ஏறத்தாழ 110 பாகைக்குள் நீங்கிவிட, கடைசி மூலக்கூறு மட்டும் 200 பாகை வரை பிடிவாதமாய்த் தங்கியிருக்கிறது.

சரி, நான்கு நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து நிற்பதனால் நிறம் எப்படி வரும்? இதற்கு எலக்ட்ரானிடம் போக வேண்டும். தாமிர அணுவில் 29 எலக்ட்ரான்கள் உள்ளன. சல்பேட்டோடு சேரும்போது அது இரண்டை இழந்து 27 எலக்ட்ரான்களோடு நிற்கிறது. அவற்றுள் வெளிப்புற ஓட்டில் உள்ளவற்றுள் ஒன்பது, டி-ஆர்பிட்டால்கள் என்று பெயர் பெற்ற ஐந்து இடங்களில் அமைந்துள்ளன. இவற்றை ஐந்து அறைகள் கொண்ட சத்திரமாகப் பாவித்துக்கொண்டால், அறைக்கு இருவர் வீதம் பத்துப் பேர் தங்கத்தக்க இடத்தில் ஒன்பது பேர் இருக்கிறார்கள், ஓரிடம் காலி. தாமிர அயனி எதனாலும் சூழப்படாமல் ஆகாயத்தில் தனித்து நின்றால் ஐந்து அறைகளும் ஒரே மட்டத்தில் இருக்கும். ஆனால் நீர் மூலக்கூறுகள் தம் எதிர்மின் முனையை உள்நோக்கி நீட்டிக்கொண்டு சூழும்போது, அவற்றின் திசையை நேராக நோக்கியிருக்கும் ஆர்பிட்டால்கள் விலக்கு விசையினால் சக்தியில் உயர்ந்துவிடுகின்றன. மூலைகளை நோக்கியிருப்பவை தாழ்ந்து நிற்கின்றன. கீழே உள்ள எலக்ட்ரான் ஒன்று மேலே உள்ள காலியிடத்துக்குத் தாவுவதற்கு வேண்டிய சக்தியை, தன்மீது விழும் வெள்ளொளியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்தச் சக்தி, தாமிரமும் நீரும் சேர்ந்த அயனியில், சுமார் 800 நானோமீட்டர் அலைநீளத்துக்கு உரியது; அதாவது கண்ணுக்குப் புலப்படும் சிவப்பின் எல்லைக்குச் சற்று அப்பால். எனினும் அந்த உட்கவர்ச்சி குறுகிய கோடாக இராமல் அகன்று பரவியிருப்பதால், சிவப்பையும் விழுங்கிவிடுகிறது. சிவப்பு போக எஞ்சிய ஒளி நம் கண்ணை அடையும்போது அதை நீலம் என்கிறோம்.

அண்டை மின்புலத்தினால் அணுவின் சக்தி மட்டங்கள் இவ்வாறு பிளவுபடும் என்பதை 1929இல் கணித ரீதியாக எழுதிக் காட்டியவர் ஹான்ஸ் பெத்தே. அதைக் காந்தவியலில் பயன்படுத்திப் பெருக்கியவர் 1977இல் நோபெல் பரிசு பெற்ற வான் விளெக். இந்த வரலாற்றில் தமிழர் பெருமையோடு நினைக்கத்தக்க ஒரு பெயரும் உண்டு. வத்திராயிருப்பில் 1898இல் பிறந்து, சர் சி. வி. ராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறல் ஆராய்ச்சியில் ஈடுபட்ட கே. எஸ். கிருஷ்ணன், கல்கத்தாவில் பேராசிரியராய் இருந்த காலத்தில், அஷுதோஷ் முகர்ஜி என்பவரோடு கூடி, இதே மயில்துத்தப் படிகத்தின் காந்த சுபாவம் திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகிறது என்று அளந்து, அவ்வேறுபாட்டைப் படிகத்தின் உள்ளமைப்போடு பொருத்திப் பார்க்கும் கட்டுரைகளை 1936, 1938ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் ஃபிசிகல் ரிவ்யூ என்ற சஞ்சிகையில் வெளியிட்டார். காந்தத்துக்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஐயுற வேண்டா. பத்தாவது துணையின்றித் தனித்து நிற்கும் அந்த ஒன்பதாவது எலக்ட்ரானே காந்த சுபாவத்துக்கும் காரணம், நீலத்துக்கும் காரணம். நம் மாணவர் சோதனைக்குழாயில் காணும் அதே நீலப் படிகத்தை நம் மண்ணில் பிறந்த ஒருவர் உலக விஞ்ஞானத்தின் முன்வரிசையில் வைத்து ஆராய்ந்தார் என்ற செய்தி, அந்தச் சோதனையைச் செய்யும் வகுப்பறையில் அவசியம் சொல்லப்பட வேண்டியதாகும்.

இவ்வளவும் விளங்கிவிட்டால், பிறகு ஒவ்வொரு நிறமாற்றமும் தானாகவே பொருள் தரத் தொடங்குகிறது. சூடேறி நீர் நீங்கியபின் தாமிரத்தைச் சூழ்வது சல்பேட்டின் ஆக்சிஜன்கள் மட்டுமே. அவற்றின் ஆதிக்கம் நீரினும் வலுவற்றதாதலால் மட்டங்களின் இடைவெளி சுருங்கி, உட்கவரப்படும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்குள் போய்விடுகிறது. புலப்படும் ஒளி முழுவதும் தீண்டப்படாமல் திரும்புவதனால் பொடி வெண்மையாகத் தோன்றுகிறது. துத்தநாகத்துக்கோ எலக்ட்ரான் ஒன்று கூடுதல். பத்து இடங்களும் நிரம்பிவிட்டமையால் தாவுவதற்கு இடமே இல்லை. நீர் இருந்தாலும் வெள்ளை, போனாலும் வெள்ளை. மயில்துத்தக் கரைசலில் அம்மோனியாவைச் சேர்த்தால் முதலில் வெளிர்நீல வீழ்படிவு தோன்றி, மேலும் சேர்க்க அது கரைந்து, கண்ணைப் பறிக்கும் அடர்நீலம் வருவதை உப்புப் பகுப்பாய்வு செய்த மாணவர் அனைவரும் அறிவர். நான்கு நீர் மூலக்கூறுகளை விலக்கிவிட்டு அவற்றின் ஸ்தானத்தில் நான்கு அம்மோனியா மூலக்கூறுகள் அமர்கின்றன. அவற்றின் ஆதிக்கம் நீரினும் வலியது. இடைவெளி விரிந்து, உட்கவர்தல் 600 நானோமீட்டர் அளவில், ஆரஞ்சு நிறத்துக்கு நகர்ந்துவிடுகிறது. எஞ்சுவது ஊதா கலந்த ஆழ்ந்த நீலம். ஆய்வகக் குறிப்பேட்டில் "தாமிரம் உறுதி செய்யப்பட்டது" என்று எழுதி முடிக்கிறோமே, அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் நடந்தேறியது இந்த ஆள்மாற்றம்.

எல்லா நிறமாற்றங்களுக்கும் இதுவே காரணம் என்று எண்ணிவிடுவதும் தவறாகும். அண்டையார் மாறுவது ஒருவகை. தாமிரத்தின் எலக்ட்ரான் எண்ணிக்கையே மாறுவது மற்றொரு வகை. சிறுநீரில் சர்க்கரை உண்டா என்று பார்க்க, வண்ணப்பட்டைகள் வருவதற்கு முன், மருத்துவமனைகளில் நெடுங்காலம் கையாளப்பட்ட பெனடிக்ட் பரிசோதனை இவ்வகையைச் சேர்ந்தது. ஐந்து மில்லி நீலக் கரைசலில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரையின் அளவுக்குத் தக்கபடி பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று படிப்படியே நிறம் ஏறும். குளுக்கோஸ் தாமிரத்துக்கு ஓர் எலக்ட்ரானைத் தானம் செய்கிறது; ஒன்பது பத்தாகிறது; காலியிடம் நிரம்பியதால் பழைய நீலத்துக்கு இனி இடமில்லை; குப்ரஸ் ஆக்சைடு சிவந்த வீழ்படிவாக இறங்குகிறது. இந்தச் சிவப்பு, அறை மாறித் தாவும் எலக்ட்ரானால் வருவதன்று. திடப்பொருள் முழுவதற்கும் பொதுவான எலக்ட்ரான் பட்டைகளால் வருவது. அதுபோலவே, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மிகுதியாகச் சேர்க்கும்போது கரைசல் பச்சையாகி மஞ்சளை நாடுவதற்கு முக்கிய காரணம், குளோரைடிலிருந்து தாமிரத்துக்கே எலக்ட்ரான் பெயர்வதாகும். ஒரே சூத்திரத்தால் எல்லாவற்றையும் விளக்கிவிட ஆசைப்படுவது அறிவின் சோம்பல். எந்த மாற்றம் எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறியப் பழகுவதே அறிவுப் பயிற்சி.

இந்த இரண்டாம் வகை நிறமாற்றம் சோதனைச்சாலையின் சுவருக்குள் அடங்கியதும் அன்று. இறாலும் நண்டும் கணவாயும் தம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பதற்கு, நம்மைப் போல இரும்பை அன்றித் தாமிரத்தைப் பயன்படுத்துகின்றன. ஹீமோசயனின் என்ற அப்புரதத்தில் பிராணவாயு இல்லாதபோது தாமிரம் பத்து எலக்ட்ரானோடு நிறமற்று இருக்கிறது. பிராணவாயு வந்து பற்றியதும் எலக்ட்ரானை அதற்கு ஈந்து நீலமாகிறது. பெனடிக்ட் குழாயில் நாம் கண்ட மாற்றம் இங்கே எதிர்த்திசையில் நடைபெறுகிறது. கடற்கரை மீன்சந்தையில் அன்றாடம் நாம் காணும் உயிர்களின் உடலுக்குள் மூச்சுக்கு மூச்சு இந்த ரசாயனம் நிகழ்ந்துகொண்டிருந்ததை நம் மாணவர்களில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

வீட்டுக்குள்ளும் அதே கதைதான். செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறுவதையும் புளி போட்டுத் தேய்த்தால் அது நீங்குவதையும் அறியாத இல்லம் நம் நாட்டில் இல்லை. செம்பில் களிம்பு போல ஆன்மாவில் ஆணவ மலம் அநாதியாய்ப் பொருந்தியிருக்கிறது என்று சைவ சித்தாந்திகள் உவமை கூறினர். அவர்கள் கருத்து ஆன்மாவைப் பற்றியது. அதில் ரசாயனம் தலையிட வேண்டுவதில்லை. ஆனால் களிம்பைப் பற்றி மட்டும் கேட்டால், அது செம்போடு உடன்பிறந்ததன்று என்றும், காற்றிலுள்ள பிராணவாயு, கரியமில வாயு, ஈரம் ஆகிய மூன்றும் கூடி வெளியிலிருந்து உண்டாக்கியது என்றும் ரசாயனம் சொல்லும். புளியிலுள்ள டார்ட்டாரிக் அமிலம் அதைக் கரைத்து, தாமிர அயனிகளைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு போய்விடுகிறது. பெனடிக்ட் கரைசலுக்கு மூத்ததாகிய ஃபெலிங் கரைசலில், காரத்தில் தாமிரம் வீழ்படியாமல் தாங்கிப் பிடிப்பதும் அதே டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பே. புளிக்குழம்பையும் தயிரையும் வெறுஞ்செம்பில் வைத்தால் கரைந்த தாமிரம் வயிற்றைக் கெடுக்கும் என்று அறிந்துதான் நம் முன்னோர் பாத்திரங்களுக்கு வெள்ளீயம் பூசினார்கள்.

வயலிலும் அவ்வாறே. ஃபிரான்சு தேசத்துத் திராட்சைத் தோட்டங்களைப் பூஞ்சண நோயிலிருந்து காக்க 1885இல் மில்லார்டே வெளியிட்ட போர்டோ கலவையை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து, நம் காப்பித் தோட்டத்தாரும் வெற்றிலைக் கொடிக்காலாரும் இன்றும் தயாரிக்கின்றனர். நூறு லிட்டர் நீருக்கு ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு என்பது ஒரு சதவிகிதக் கலவையின் கணக்கு. கலவை சரியாக வந்ததா என்று பார்க்க, துலக்கிய இரும்புக் கத்தியை அதில் சற்று நேரம் அமிழ்த்துவார்கள். கத்தியில் செந்நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று பொருள். கரைசலில் கட்டுப்படாமல் எஞ்சிய தாமிரம், இரும்பிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்து உலோகமாகப் படிந்துவிட்டது என்பதே அந்தச் செம்மையின் அர்த்தம். பத்தாம் வகுப்பு மாணவன் இரும்பு ஆணியை மயில்துத்தக் கரைசலில் போட்டு, நீலம் மெல்ல வெளிறிப் பசுமை கொள்வதைப் பார்க்கிறானே, அந்தப் பரிசோதனையும் கொடிக்காலில் அவன் தகப்பனார் செய்யும் பரிசோதனையும் ஒன்றே. ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல் இருவரும் ஒரே வீட்டில் வாழ்வதுதான் நம் கல்வியின் விசித்திரம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். ஆர்பிட்டால், சக்தி மட்டம் என்பனவெல்லாம் கல்லூரிக்கு உரியவை; பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அவற்றைப் புகட்டினால் சுமையே அன்றிப் பயனில்லை என்று அனுபவமுள்ள ஆசிரியர் சிலர் சொல்வர். அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. ஆனால் நான் வேண்டுவது குவாண்டம் சாஸ்திரத்தைக் கீழ்வகுப்புக்கு இறக்குவதன்று. நீர், சல்பேட், தாமிரம் மூன்றையும் ஒவ்வொன்றாக விசாரித்து, எதுவும் தனியே காரணமாகாது என்று முடிவுக்கு வருகிற தர்க்கம் இருக்கிறதே, அதற்கு ஒரு சூத்திரமும் வேண்டாம். மயில்துத்தமும் துத்தநாக சல்பேட்டும் கையளவு, ஒரு விளக்கு, இரண்டு சோதனைக்குழாய்கள் இருந்தால் போதும். அந்த முடிவோடு பத்தாம் வகுப்பைக் கடந்த மாணவன், மேல்நிலை வகுப்பில் அணைவுச் சேர்மங்களைச் சந்திக்கும்போது, ஏற்கெனவே தன் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்த கேள்விக்கு விடை வந்ததென்று மகிழ்வான். கேள்வியே இல்லாமல் வந்தவனோ, விடையையும் இன்னொரு மனப்பாடமாகவே சுமப்பான்.

செய்முறை வகுப்பிலும் ஒரு மாற்றம் வேண்டும். அம்மோனியாவை ஊற்றிவிட்டு நிறத்தைக் குறித்துக்கொள் என்று சொல்வதற்கு முன், என்ன நிகழும் என்றும் ஏன் என்றும் ஒவ்வொருவனும் எழுதி வைக்கட்டும். ஊற்றிய பின் தான் எழுதியதோடு ஒப்பிடட்டும். ஊகம் பிழைத்தால் மதிப்பெண் குறைக்கலாகாது. காரணம் யோசித்தானா என்பதையே பார்க்க வேண்டும். சோதனை முடிந்ததும் மிச்சக் கரைசலைச் சாக்கடையில் கொட்டும் வழக்கமும் ஒழிய வேண்டும். கரைந்த தாமிரம் மீனுக்கும் பாசிக்கும் நஞ்சு. பழைய இரும்பு ஆணிகளை அதில் போட்டுவைத்தால் தாமிரம் உலோகமாகத் திரும்பிவிடும். அதுவே மற்றொரு பாடமும் ஆகிவிடும்.

எனினும் நம் வகுப்பறைகளை ஆள்வது வினாத்தாள் என்பதை மறைத்துப் பயனில்லை. வினாத்தாளில் கேட்கப்படாதது பாடத்தில் நடத்தப்படுவதில்லை; நடத்தப்பட்டாலும் படிக்கப்படுவதில்லை. ஆதலால் என் விண்ணப்பம் முதன்மையாக வினாத்தாள் அமைப்போருக்கே. நிறம் என்னவென்று கேட்கும் கேள்விக்கு ஒரு மதிப்பெண் தாருங்கள், போதும். அதே சல்பேட்டும் நீரும் கொண்ட துத்தநாக உப்பு ஏன் வெண்மையாக இருக்கிறது என்று அடுத்த வரியில் கேட்டு, அதற்கு மூன்று மதிப்பெண் தாருங்கள். அந்த ஒரு கேள்விக்காகவேனும் ஆசிரியர் காரணத்தைச் சொல்லிக்கொடுப்பார். மாணவனும் யோசிக்கத் தொடங்குவான்.